ஹோகனின் கால்கள்

உடலெங்கும் சுற்றிய ரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் ரத்தத்தை மேற்பெருஞ்சிரை கொண்டுவரும். வயிறு, இடுப்பு, கால்கள் என்று கீழே உள்ள அனைத்துக்கும் கீழ்ப்பெருஞ்சிரைதான் வழி. முதுகெலும்பை ஒட்டி, சற்றே வலப்பக்கமாக மேலேறும் இந்தக் குழாய் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். உடலிலேயே பெரிய சிரை இதுதான். இதை நூல் போட்டு இறுகக் கட்டிவிட்டால் என்ன ஆகும்?

1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒருவருக்கு அப்படித்தான் கட்டினார்கள், அவர் உயிரைக் காப்பாற்றுவதற்காக. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு கழித்து அதே மனிதர், பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை ஒரே நாளில் நடந்தபடி, தம் நாட்டின் மிகக் கடினமான கோல்ஃப் போட்டியின் கடைசி இரண்டு சுற்றுகளையும் ஆடி முடித்தார். மறுநாள் இன்னொரு முறை நடந்து கோப்பையையும் வென்றார். அவர் பெயர் பென் ஹோகன்.

கோல்ஃப் வரலாற்றில் ஹோகன் பெயர் வரும்போதெல்லாம் 'மன உறுதி' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. 1951இலேயே அவர் வாழ்க்கையை 'ஃபாலோ தி சன்' என்று ஹாலிவுட்டில் படமாக்கினார்கள். கிளென் ஃபோர்டு நடித்தார். உறுதி இருந்தது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உடம்புக்குள் நடந்தது என்ன, அந்தக் கைகள் கற்றுக்கொண்டது என்ன என்று பார்த்தால்தான் இவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

1949 தொடங்கியபோது ஹோகனுக்கு வயது 36. முந்தைய ஆண்டு அமெரிக்க ஓப்பன், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இரண்டையும் வென்றிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் ரிவியரா மைதானத்தில் நடந்த அந்த ஓப்பனில் நான்கு சுற்றுகளுக்கும் சேர்த்து அவர் அடித்தது 276. கோல்ஃபில் குறைவாக அடித்தவரே வெற்றி பெறுவார். பதினெட்டுக் குழிகளில் பந்தை விழவைக்க எத்தனை அடி என்பதே கணக்கு. அந்த 276 என்ற சாதனை 1967 வரை உடையவில்லை. 1949 ஜனவரியில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. ஃபீனிக்ஸ் போட்டியில் சமநிலைக்குப் பின் நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, மனைவி வேலரியுடன் டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்திலுள்ள வீட்டுக்குத் தம் காடிலாக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 2, காலை. வேன் ஹார்ன் என்ற சிற்றூரைத் தாண்டி மேற்கு டெக்சஸின் நெடுஞ்சாலையில் பனிமூட்டம். எதிரே வந்த கிரேஹவுண்ட் பேருந்து ஒரு லாரியை முந்துவதற்காக இவர்கள் தடத்துக்குள் ஏறியது. ஒதுங்க இடமில்லை. ஹோகன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த மனைவியின் மேல் குறுக்கே பாய்ந்து அவரை மூடிக்கொண்டார். வேலரி சிறு காயங்களோடு தப்பினார். மோதலின் வேகத்தில் ஸ்டியரிங் தண்டு பின்னோக்கி வந்து ஓட்டுநர் இருக்கையைத் துளைத்தது. மனைவியைக் காக்கப் பாய்ந்ததால் ஹோகன் அந்த இருக்கையில் இல்லை.

அந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீள இரும்பு. முன்புறம் நசுங்கினால் அதன் மறுமுனை ஓட்டுபவரின் நெஞ்சுக்குத்தான் வரும். மோதலில் தானே மடங்கிச் சுருங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967ஆம் ஆண்டு மாடல்களில்தான் பரவலாகப் பொருத்தியது; அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு எல்லாக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் எத்தனையோ பேரை அந்தத் தண்டு கொன்றிருக்கிறது.

இருக்கையிலிருந்து விலகியதால் உயிர் தப்பியது, எலும்புகள் தப்பவில்லை. இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. காரை எலும்பும் இடது கணுக்காலும் முறிந்தன, விலா எலும்பு ஒன்று சிதைந்தது. எல் பாசோ நகரின் மருத்துவமனையில் அவரைக் கட்டுகளோடு படுக்கவைத்தார்கள். எலும்புகள் தேறிவந்தன. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது.

கால்களிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவதற்கு இதயத்தின் அழுத்தம் போதாது. கெண்டைக்கால் தசைதான் இதில் பெரிய வேலைக்காரன். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்க விடுவதில்லை. வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பவருக்கு இந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் தேங்குகிறது. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஷோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களை மனப்பாடம் செய்கிறார்கள்: ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. இடுப்பு நொறுங்கிப் படுக்கையில் கிடந்த ஹோகனுக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியானது. ஒரு கட்டி பிய்த்துக்கொண்டு இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போனது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று போயிருந்தால் நுரையீரல் தமனி அடைபட்டு, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருக்கும்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரை ராணுவ விமானத்தில் வரவழைத்தார்கள். சிரைகளில் ரத்தம் உறைவதைப் பற்றி அன்று அமெரிக்காவில் அவரளவுக்குப் படித்தவர்கள் குறைவு. (புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1939இலேயே மைக்கேல் டிபேக்கியோடு சேர்ந்து எழுதியவரும் இவர்தான். ஹோகனோ மைதானத்திலும் வாயில் சிகரெட்டோடு நடந்தவர்.) உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஆனால் உடம்பெங்கும் புது முறிவுகள் உள்ளவருக்கு ரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுப்பது கத்திமேல் நடக்கிற வேலை. ஆக்ஸ்னர் வயிற்றைத் திறந்து, கீழ்ப்பெருஞ்சிரையையே கட்டினார். கட்டிகள் ஏறிவரும் பாதை மூடப்பட்டது. கால்களிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரும்பாதையும் அதோடு மூடப்பட்டது.

அப்படியானால் கால்களின் ரத்தம் எங்கே போகும்? இங்கேதான் மனித உடம்பை நினைத்து எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இந்தக் கட்டைச் சிறுநீரகங்களின் ரத்தம் வந்து சேரும் இடத்துக்குக் கீழேதான் போடுவார்கள், சிறுநீரகம் பாதிக்கப்படாது. அதற்குக் கீழே தேங்கும் ரத்தம் பக்கவாட்டில் வழி தேடும். பெருஞ்சாலையில் பாலம் உடைந்தால் பேருந்துகள் ஊருக்குள் புகுந்து, சந்து பொந்தெல்லாம் திரும்பி மறுபக்கம் போய்ச் சேர்வதில்லையா, அதுபோல. முதுகுத் தசைகளுக்கு இடையிலும் வயிற்றுத் தோலுக்கு அடியிலும் ஓடும் சிறு சிரைகள் எல்லாருக்கும் உண்டு. முதுகெலும்பைச் சுற்றியும் வால்வே இல்லாத ஒரு சிரைப்பின்னல் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆஸ்கர் பேட்சன் 1940இல்தான் அதன் முக்கியத்துவத்தை விளக்கிக் காட்டியிருந்தார். வால்வு இல்லாததால் அதில் ரத்தம் எந்தத் திசையிலும் ஓடலாம். அழுத்தம் கூடக்கூட இந்தச் சிறு குழாய்கள் விரிகின்றன, சுவர் தடிக்கின்றன, மாதங்கள் செல்லச்செல்லக் கணிசமான சுமையைத் தாங்கும் அளவுக்கு வளர்கின்றன. புதிதாக எதையும் யாரும் பொருத்தவில்லை. ஏற்கெனவே இருந்த ஏற்பாடு தேவை வந்ததும் விழித்துக்கொள்கிறது.

இருந்தாலும் சிறு வழிகள் பெருவழி ஆகிவிடாது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலுக்கு அருகே சிரைக்குள் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். இதயம் வரை எழும்பி நிற்கும் ரத்தத்தின் எடைதான் அது. நடக்கத் தொடங்கினால் தசைகள் பிழிந்து தள்ளுவதால் அந்த அழுத்தம் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பாதை அடைபட்ட காலில் இந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை. நடக்கும்போது தசைக்கு வேண்டும் என்று தமனிகள் கூடுதல் ரத்தத்தைக் கொண்டுவந்து கொட்டும்; அது வெளியேறும் வேகமோ குறைவு. கால் உள்ளிருந்து வெடிப்பதுபோல் கனக்கும், நீர் கசிந்து வீங்கும், தசை பிடித்துக்கொள்ளும். நின்றால் ஒரு தொல்லை, நடந்தால் வேறொரு தொல்லை. கோல்ஃபோ நடப்பதும் நிற்பதுமாக நான்கு மணி நேரம் போகிற ஆட்டம்.

இரண்டு மாதம் போல மருத்துவமனையில் கிடந்துவிட்டு ஏப்ரல் தொடக்கத்தில் வீடு திரும்பினார். முதலில் அறைக்குள் நடை, பிறகு வீட்டைச் சுற்றி, பிறகு தெருவில். அந்த ஆண்டு இங்கிலாந்தின் கேண்டனில் நடந்த ரைடர் கோப்பைக்கு அணியின் ஆடாத கேப்டனாகப் போய் வந்தார். 1950 ஜனவரியில் அதே ரிவியரா மைதானத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில் இறங்கினார். நடந்து முடிப்பாரா என்பதே அன்று எல்லாருடைய கேள்வி. நான்கு சுற்றுகளையும் முடித்து முதலிடத்தில் நின்றார். சாம் ஸ்னீட் கடைசி நேரத்தில் எட்டிப்பிடித்து, பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் வென்றார்.

ஆடும் நாள்களில் காலையில் ஹோகன் செய்த ஆயத்தம் நீளமானது. எப்சம் உப்பு கலந்த வெந்நீர்த் தொட்டியில் வெகுநேரம் கிடந்து கால்களைத் தளர்த்துவார். பிறகு கணுக்காலிலிருந்து தொடைவரை எலாஸ்டிக் துணியை இறுக்கிச் சுற்றுவார். அந்தக் கட்டு வெறும் ஆறுதலுக்கு அல்ல. தோலுக்கு அடியிலுள்ள சிரைகள் வெளியிலிருந்து நெருக்கப்படுவதால் குறுகுகின்றன. குறுகிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடும். நீர் கசிவது குறையும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதற்கு எதிரே அழுத்த ஒரு சுவர் கிடைக்கும். இன்று சிரைநோய்க்காரர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் இறுக்கமான காலுறை செய்கிற வேலையும் இதேதான்.

1950 ஜூன். ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே ஆர்ட்மோரில் மெரியன் மைதானம். அமெரிக்க ஓப்பனின் விதி அந்தக் காலத்தில் இரக்கமில்லாதது: முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு சுற்று, மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஒரே நாளில் 36 குழிகள். 1965இல்தான் இதைக் கைவிட்டு நான்கு நாளாகப் பிரித்தார்கள். சனிக்கிழமை பிற்பகல், 12ஆம் குழிக்கு வந்தபோது ஹோகனின் கால் பிடித்துக்கொண்டது. விழாமல் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. குனிவது வலி என்பதால் குழியில் விழுந்த பந்தை அவருடைய மட்டைப்பையைத் தூக்கிவந்த கேடியே எடுத்துக்கொடுத்தார். கையிலிருந்த முன்னணி 15இலும் 17இலும் கரைந்தது. 18ஆம் குழியை நான்கே அடியில் முடித்தால்தான் லாயிட் மாங்க்ரம், ஜார்ஜ் ஃபாசியோ ஆகிய இருவரோடு சமநிலை கிடைக்கும்.

முதல் அடி புல்வெளியின் நடுவே விழுந்தது. இரண்டாவதற்கு இருநூறு கஜத்துக்கு மேல் மிச்சம். ஹோகன் எடுத்தது ஒன்றாம் எண் இரும்பு மட்டை. அவருக்குப் பின்னால் நின்ற ஹை பெஸ்கின், மட்டையைச் சுழற்றி முடித்த நிலையில் அவரைப் படமெடுத்தார். வெள்ளைத் தொப்பி, உயர்ந்த கைகள், வலது காலணியின் ஆணிகள் தெரிய, தூரத்தில் பச்சைத் திட்டைச் சுற்றி நெருங்கி நிற்கும் கூட்டம். கோல்ஃபில் இதைவிடப் புகழ்பெற்ற படம் வேறு இல்லை. பந்து கிரீன் எனப்படும் அந்தப் பச்சைத் திட்டில் ஏறியது. இரண்டு தட்டில் குழியில் விழுந்தது. மறுநாள் கூடுதல் ஆட்டத்தில் ஹோகன் 69, லாயிட் மாங்க்ரம் 73, ஜார்ஜ் ஃபாசியோ 75.

அந்த ஒன்றாம் எண் மட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பு மட்டைகளில் எண் குறையக்குறைய முகத்தின் சாய்வும் குறையும். ஒன்றாம் எண்ணின் சாய்வு பதினேழு, பதினெட்டு பாகைதான், கிட்டத்தட்ட செங்குத்து. கோல்ஃப் பந்து உயர எழுவதற்கு ஒரு காரணம் அது பின்னோக்கிச் சுழல்வது. சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட, அதன் எதிர்விளைவாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. பந்தின் மேலுள்ள குழிவுகள் காற்று பந்தை ஒட்டியே ஓட உதவுகின்றன. சாய்வு குறைந்த மட்டையில் இந்தச் சுழற்சி எளிதில் கிடைக்காது. வேகத்தாலும் துல்லியத்தாலும்தான் ஈடுகட்ட வேண்டும். அந்தக் காலத்து மட்டையின் தலை கையால் மூடக்கூடிய சிறு இரும்புத் தகடு. எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கும். நடுவிலிருந்து சற்று விலகிப் பட்டாலும் தலை திருகிக்கொள்ளும், பந்துக்குப் போக வேண்டிய ஆற்றல் வீணாகும், கை அதிரும். இன்றைய மட்டைகளில் எடையை ஓரங்களுக்குத் தள்ளி வைப்பது இந்தத் திருகலைக் குறைக்கத்தான்.

ஹோகனின் அந்த மட்டை அன்றே திருட்டுப் போனது. முப்பதாண்டுக்கு மேல் எங்கோ கிடந்து 1983இல் வெளிப்பட, ஹோகனிடம் காட்டினார்கள், தம்முடையதுதான் என்றார். இன்று அது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் தேய்ந்திருக்கிறது, நடுப்புள்ளியில். ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் பந்து பட்டதால் இரும்பு தேய்ந்திருக்கிறது. புகைப்படத்தைவிட இந்தத் தேய்மானமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தத் துல்லியத்தோடு அவர் பிறக்கவில்லை. 1912இல் டெக்சஸில் பிறந்தவர். தந்தை கொல்லர், ஹோகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தற்கொலை செய்துகொண்டார். குடும்பம் ஃபோர்ட் வொர்த்தில் தவித்தது. சிறுவன் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றான். பதினோரு வயதில் கிளென் கார்டன் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப்பையைத் தூக்கும் கேடி வேலைக்குப் போனான். அதே மைதானத்தில் அதே வயதில் இன்னொரு கேடி இருந்தான்: பின்னாளில் 1945இல் தொடர்ந்து பதினொரு போட்டிகளை வென்ற பைரன் நெல்சன். பதினேழு வயதில் ஹோகன் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதற்குப் பிறகு பத்தாண்டு தனி ஆட்டத்தில் ஒரு கோப்பையும் இல்லை. கையில் காசில்லாமல் பலமுறை ஊர் திரும்பினார். ஒருமுறை போட்டிக்குப் போன ஊரில் காரின் சக்கரங்களையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் தனி வெற்றி 1940இல், வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் கிடைத்தது.

தடையாக இருந்தது ஹூக் என்னும் கோளாறு. வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து இடப்பக்கமாக வளைந்து, தாழ்ந்து பறந்து, தரையில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே போவதுதான் ஹூக். பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் 46 கிராம் பந்தின்மீது சராசரியாக அரை டன்னுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசை பாய்கிறது. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசையிலேயே பந்து பெரும்பாலும் புறப்படும். ஒரு பாகை விலகினால் இருநூறு கஜத்தில் மூன்றரை கஜம் தவறும். முகம் பார்க்கும் திசையும் மட்டை செல்லும் பாதையும் வேறுபட்டால் பந்தின் சுழல் அச்சு சாய்ந்து, பந்து காற்றிலேயே வளையும். முகம் இடப்பக்கம் மூடிக்கொண்டால் மட்டையின் சாய்வும் குறைந்துவிடும். அதனால் பின்சுழற்சி குறைந்து பந்து நிற்காமல் ஓடும். வலப்பக்கம் மெல்ல வளையும் பந்து உயர எழுந்து அடக்கமாக விழும். ஒரே அளவு தவறினாலும் இடப்பக்கத் தவறுக்கே தண்டனை அதிகம்.

1946 வாக்கில் ஹோகன் இதற்கு வழி கண்டார். மட்டையில் இடக்கையின் பிடியை இன்னும் இடப்பக்கமாகத் திருப்பினார். மட்டையை மேலே தூக்கி முடிக்கும்போது இடது மணிக்கட்டைச் சற்றுப் பின்பக்கமாக வளைத்தார். இரண்டும் சேர்ந்து மட்டையின் முகத்தைத் திறந்தே வைத்தன. இனி எவ்வளவு பலமாக அடித்தாலும் அது நேரத்துக்கு முன்னால் மூடாது. இது சொல்ல இரண்டு வரி. உடம்பில் படிய எத்தனை ஆயிரம் பந்துகள் போயினவோ. 'லைஃப்' இதழ் பணம் கொடுத்து 1955இல் இந்த 'ரகசியத்தை' வெளியிட்டது. அதற்குப் பிறகும் அவர் வேறொன்றை மறைக்கிறார் என்று நம்பியவர்கள் ஏராளம். மறைத்ததாக நான் நினைக்கவில்லை. தெரிந்துகொள்வதற்கும் உடம்பு பழகுவதற்கும் நடுவிலுள்ள தூரத்தை எந்தப் பத்திரிகையும் கடக்கவைக்க முடியாது.

மட்டை மேலிருந்து கீழிறங்கிப் பந்தைத் தொட சுமார் கால் நொடி ஆகும். கண்ணால் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு தசைக்குக் கட்டளை அனுப்பவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் வேண்டும். ஆகவே இறங்கத் தொடங்கிய வீச்சைப் பாதியில் திருத்த இயலாது. பந்தைத் தொட்ட அதிர்வு கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். முழு அசைவும் முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும். சிறுமூளை இதற்கு முக்கியமான உறுப்பு. இப்படி அசைத்தால் இப்படித்தான் உணர்வோம் என்று அது முன்னதாகவே எதிர்பார்க்கிறது. நடந்தது வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த அசைவைச் செதுக்குகிறது. ஒவ்வொரு பந்தையும் ஏதோ ஓர் இலக்கு வைத்து அடித்து, விளைவைப் பார்த்து, மறுபடி அடிக்கும்போதுதான் இந்தச் செதுக்கல் நடக்கும். சக ஆட்டக்காரர்கள் சீட்டாடப் போன பிறகும் பயிற்சித் திடலில் நின்ற ஹோகன் செய்ததும் இதுதான்.

1957இல் ஹெர்பர்ட் வாரன் விண்டோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஐந்து பாடங்கள்' இன்றும் விற்கிறது. அந்தோணி ராவியெல்லியின் கோட்டோவியங்களில் தசைநார்கள்கூடத் தெரியும். அதில் அவர் அழுத்திச் சொன்னது, இறங்கும் வீச்சை இடுப்பு தொடங்கிவைக்க வேண்டும் என்பது. தோள் பிறகு, கை அதற்குப் பிறகு, மட்டை கடைசி. 1968இல் பிரிட்டனில் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் வெளியிட்ட ஆய்வு நூலும், பின்னாளில் உடலில் ஒளிப்புள்ளிகளை ஒட்டிக் கேமராவில் அளந்தவர்களும் இந்த வரிசையை உறுதிசெய்தார்கள். கனமான இடுப்பு முதலில் வேகமெடுத்துத் தளரும்போது அதன் ஆற்றல் தோளுக்கும் அடுத்து கைக்கும் ஏறி, எடை குறைந்த மட்டைத் தலையில் பெருவேகமாக வந்து சேர்கிறது. இவ்வளவுக்கும் ஆதாரம், தரையை உதைத்துப் பெறும் எதிர்விசை. ஹோகன் தம் வலது காலணியில் ஓர் ஆணி கூடுதலாக வைத்துக்கொண்டதன் பொருள் இங்கே புரியும். ஐந்தடி எட்டரை அங்குல உயரமுள்ள ஒல்லியான மனிதர் அவ்வளவு தூரம் அடித்ததன் விளக்கமும் இதிலேயே இருக்கிறது. இரண்டு இடங்களில் உடைந்து சேர்ந்த இடுப்பிலிருந்துதான் 1949க்குப் பிறகு ஒவ்வொரு வீச்சும் தொடங்கியது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

விபத்துக்குப் பின் அவர் ஆண்டுக்குச் சில போட்டிகளை மட்டும் தேர்ந்து ஆடினார். அவர் வென்ற ஒன்பது பெரும் பட்டங்களில் ஆறு இந்தக் காலத்தில் வந்தவை. 1951இல் மாஸ்டர்ஸும், ஓக்லாண்ட் ஹில்ஸில் அமெரிக்க ஓப்பனும். 1953இல் ஆடியவை ஆறே போட்டிகள், ஐந்தில் வெற்றி. மாஸ்டர்ஸில் 274 அடித்துப் பழைய சாதனையை ஐந்து அடிகளால் முறியடித்தார். ஓக்மாண்டில் நான்காம் முறையாக அமெரிக்க ஓப்பன். பிறகு கடல் கடந்து ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. பிரிட்டிஷ் ஓப்பனில் அவர் வாழ்நாளில் ஆடியது அந்த ஒரு முறைதான். அங்கே பந்தே வேறு: அமெரிக்கப் பந்தின் விட்டம் 1.68 அங்குலம், அங்கே 1.62. சிறிய பந்தைக் காற்று குறைவாகவே தடுக்கும். எதிர்க்காற்றில் துளைத்துக்கொண்டு போகும், பழகாதவர் கணக்கைத் தூரம் கெடுக்கும். ஹோகன் முன்னதாகவே போய் அந்தப் பந்தோடும் கெட்டியான கடலோரத் தரையோடும் பழகினார். நான்கு சுற்றுகளில் 73, 71, 70, 68. கடைசி நாளில் காய்ச்சலோடு ஆடினார். ஆறாம் குழியில் எல்லை வேலிக்கும் மணற்குழிகளுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான பட்டையில் பந்தை இறக்கினார். இன்று அந்தக் குழியின் பெயரே 'ஹோகன் சந்து'. அந்த ஆண்டு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் தேதிகள் பிரிட்டிஷ் ஓப்பனின் தகுதிச் சுற்றோடு மோதியதால் நான்காவது பெரும் பட்டமான அதற்கு முயலவே வழியில்லை. நாடு திரும்பியபோது நியூயார்க் நகரம் காகிதத் துணுக்குகளை மழையாகக் கொட்டி வரவேற்றது.

முதுமை அவர் வீச்சைத் தொடவில்லை. கிரீனில் வந்து நின்றது. பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் அடிக்குப் பலம் வேண்டாம், ஆனால் மணிக்கட்டின் மிக நுண்ணிய அசைவு வேண்டும். பல்லாண்டு பழகிய கைகளில் சிலருக்கு இந்த அசைவு திடீரென்று உறைந்துபோகும், அல்லது வெட்டி இழுக்கும். கோல்ஃப்காரர்கள் இதை 'யிப்ஸ்' என்பார்கள். பதற்றமே காரணம் என்று வெகுகாலம் எண்ணினார்கள். ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர்கள், சிலரிடம் அது எழுத்தாளர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் விரலில் வருவதுபோன்ற ஒரு தசை இயக்கக் கோளாறு என்கிறார்கள்: எதிரெதிராக வேலைசெய்ய வேண்டிய தசைகள் ஒரே நேரத்தில் சுருங்கிவிடுகின்றன. ஹோகன் பந்துக்கு மேல் குனிந்து, மட்டையைப் பின்னுக்கு இழுக்க முடியாமல் நெடுநேரம் நிற்பதைக் கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது.

1960, டென்வரின் செர்ரி ஹில்ஸில் அமெரிக்க ஓப்பன். வயது 47. சனிக்கிழமை 36 குழிகள், கூடவே ஆடியவர் இருபது வயது ஜாக் நிக்லஸ். அன்று தொடர்ந்து 34 குழிகளில், விதிக்கப்பட்ட அடிகளுக்குள் பந்தைக் கிரீனில் ஏற்றியிருந்தார் ஹோகன். தட்டல்கள் சுமாராக விழுந்திருந்தாலே ஐந்தாவது ஓப்பன் அவருக்குத்தான். முப்பத்தைந்தாவது குழியில் தண்ணீருக்கு அப்பால் கொடிக்கருகே இறக்க முயன்றார். பந்து கரையின் விளிம்பில் விழுந்து பின்னோக்கி உருண்டு நீரில் இறங்கியது. காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்து அடித்தார். கோப்பை ஆர்னால்ட் பால்மருக்குப் போனது.

ஹோகனுக்குச் செய்ததுபோல் கீழ்ப்பெருஞ்சிரையைக் கட்டும் அறுவை முறையும் மெல்ல வழக்கொழிந்தது. 1967இல் காசி மொபின் உத்தீன் சிரைக்குள் குடைபோல விரியும் வடிகட்டி ஒன்றை அறிமுகம் செய்தார். 1973இல் லாசர் கிரீன்ஃபீல்டின் கூம்பு வடிவக் கம்பி வடிகட்டி வந்தது. ரத்தம் ஓடும், கட்டி மட்டும் நிற்கும். சிரையைக் கட்ட வேண்டியதில்லை, கால்களும் வீங்க வேண்டியதில்லை.

அதே 1967இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஹோகனுக்கு வயது 54. மூன்றாம் நாள், சனிக்கிழமை, கால்களில் கட்டோடு அகஸ்டாவின் மேடு பள்ளங்களில் இறங்கியவர், பின்பாதி ஒன்பது குழிகளை 30 அடிகளில் முடித்தார். மொத்தம் 66. ஒவ்வொரு கிரீனுக்கு ஏறும்போதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் அவர் அடித்தது 77. பத்தாம் இடத்தை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார். மாஸ்டர்ஸில் அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை.